சூடு என்று சொன்னேன்

இந்த ஊரில் டாக்டரைப் பார்க்க வேண்டுமானால் காலை எட்டு மணிக்குக் கிளினிக்குக்குப் போன் எடுக்க வேண்டும். அது பழகிவிட்டது. பழகாதது, போனை எடுக்கும் பெண் கேட்கும் முதல் கேள்விதான். உடம்புக்கு என்ன வருத்தம் என்று அவளிடமே சொல்ல வேண்டும். அதைக் கேட்டுவிட்டு, டாக்டரிடம் விடலாமா வேண்டாமா என்று அவள் முடிவு செய்வாள். இங்கிலாந்துக்கு வந்த புதிதில், வேலைக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றபடி, பக்கத்தில் நிற்பவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "ஸ்டமக் ப்ராப்ளம்" என்று மெதுவாகச் சொல்வேன். "கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், லவ்" என்பாள். முன்பின் தெரியாதவரையும் அன்பே என்று கூப்பிடுவது இங்கே வழக்கம். அன்பே என்று கூப்பிட்டுவிட்டு, அடுத்த வாரம்தான் இடமிருக்கிறது என்பாள்.

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தில். அங்கே யாருக்காவது இரண்டு நாள் வயிறு சரியில்லையென்றால் நர்ஸ் உடனே டாக்டரைக் கூப்பிட்டுவிடுவார். முதியவர்களைக் கழுவித் துடைத்துப் படுக்க வைத்துவிட்டு, நான் ஊழியர் கழிவறைக்கு ஓடுவேன். ரத்தமும் சளியுமாகப் போகும். கதவுக்கு வெளியே யாராவது காத்திருக்கிறார்களோ என்ற பயத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

இது இங்கே வந்து பிடித்த வருத்தமில்லை. இலங்கையில், வட்டவளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருந்தபோதே தொடங்கியது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர் டாக்டருக்குப் படித்தவரில்லை, ஆனாலும் அவரை டாக்டரய்யா என்றுதான் கூப்பிடுவோம். "என்னா சாப்ட்ட?" என்று கேட்பார். "ரொட்டியும் சம்பலும்ங்க." "சம்பலக் கொற. பூச்சி மருந்து தர்றேன், ராவைக்குப் போடு." பூச்சி மருந்து எத்தனை முறை குடித்தேனோ. அம்மா அதை உடம்புச் சூடு என்றது, வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்தது. ஒருமுறை டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "பட யனவாத?" என்று கேட்டார் இளம் சிங்கள டாக்டர். வயிற்றால் போகிறதா என்ற அந்தக் கேள்வி எனக்குப் புரிந்தது, தலையாட்டினேன். ரத்தத்துக்கு 'லே' என்பதும் தெரியும். ஆனால் அது எங்கிருந்து வருகிறதென்று சொல்லும் சிங்களம் என்னிடம் இல்லை. பின்னால் வரிசை நெருக்கியது. உப்புத்தண்ணீர்ப் பாக்கெட்டுகளோடு வெளியே வந்தேன்.

இங்கே மொழிபெயர்க்க ஆள் தருவார்கள் என்று கேள்விப்பட்டபோது அவ்வளவு நிம்மதி. டாக்டரின் மேசையில் ஸ்பீக்கர் போன். அதற்குள்ளிருந்து யாழ்ப்பாணத் தமிழில் ஒரு பெரியவர் பேசினார். "சொல்லுங்கோ அம்மா, என்ன செய்யுது?" என்றார். ஆண்குரல், அதுவும் அப்பா வயது. இருந்தாலும் சொல்லத்தான் செய்தேன்: "ஒடம்பெல்லாம் சூடுங்க. சூட்டுல ரத்தமாப் போகுது." அவர் ஏதோ ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டர் எழுந்து வந்து என் காதுக்குள் ஒரு கருவியை வைத்துப் பார்த்தார். "காய்ச்சல் இல்லை, நல்ல செய்தி" என்று சிரித்தார். ரத்தம் மூலத்தால் வருவதாக இருக்கும் என்று பூசுவதற்கு ஒரு களிம்பு எழுதினார். நான் சொன்ன சூடு வேறு, அவர் தேடிய சூடு வேறு என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

அதன் பிறகும் போனேன். போகும்போதெல்லாம் வேறு வேறு டாக்டர். ஒருவர் 'ஐ.பி.எஸ்.' என்றார், மனக்கவலையில் குடல் முரண்டு பிடிப்பதாம். இன்னொருவர், "ஊர் ஞாபகமா? தனிமையா இருக்கா?" என்று மிகுந்த கனிவோடு கேட்டார். ஊர் ஞாபகம் இருந்ததுதான். இல்லையென்று எப்படிச் சொல்வேன்? என் வயிற்றுக்கும் அதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். என் உடுப்புகள் ஒவ்வொன்றாகத் தொளதொளத்தன. லீவுக்குப் போனவருக்குப் பதிலாக வந்த ஒரு பெண் டாக்டர்தான் என்னைப் படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். பழைய எடையையும் புதிய எடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதை யாரும் பார்க்கவில்லையா?" என்றார். மலப் பரிசோதனை, பிறகு குடலுக்குள் கேமரா. பெருங்குடல் முழுக்கப் புண். வருத்தத்தின் பெயர் அல்சரேட்டிவ் கொலைடிஸ். "ஏன் இவ்வளவு தாமதமாக வந்தீர்கள்?" என்று கேட்டார் பெரிய டாக்டர். நான் வந்துகொண்டேதான் இருந்தேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்றும் கேட்டார். இல்லை என்றேன். அன்று சாயந்தரம் ஊருக்குப் போன் எடுத்து என் தங்கச்சி ஜெயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  

"எனக்கும் அப்படித்தான் அக்கா" என்றாள். "மலையில கொழுந்து எடுக்கயிலயே வந்துருது. கூடய எறக்கி வச்சுட்டு தேயிலைக்குள்ள ஓடுறேன். பொம்பளைங்க சிரிக்கிறாங்க."

"ரத்தம் போகுதா?"

"போகுது. சூடுதான்னு விட்டுட்டேன்."

வருத்தத்தின் பெயரைச் சொல்லிக்கொடுத்து, அவளையும் திருப்பிச் சொல்ல வைத்தேன். ஹட்டனில் ஒரு தனியார் டாக்டரிடம் போனாள். அங்கே போனதும் முழுப்பெயர் வாயில் வரவில்லை. "அக்காவுக்கு அல்சராம்ங்க, எனக்கும் அதேதான்னு நெனைக்கிறேன்" என்றாளாம். எங்கள் ஊரில் அல்சர் என்றால் நேரத்துக்குச் சாப்பிடாதவருக்கு வரும் வயிற்றெரிச்சல். அதற்கான மாத்திரையைக் கொடுத்து, காலைச் சாப்பாட்டைத் தவறவிடாதே என்று அனுப்பிவிட்டார். அடுத்த மழைக்காலத்தில் வயிறு உப்பி, காய்ச்சலில் விழுந்தாள். இந்த முறை நிஜமான காய்ச்சல். கொழுந்து லொறியில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கண்டிக்குக் கொண்டு போனார்கள். பெருங்குடலை எடுத்துவிட்டுத்தான் அவளைக் காப்பாற்ற முடிந்தது. குடல்முனையை வயிற்றில் ஒரு துவாரம் வழியாக வெளியே எடுத்து, அதன்மேல் மலம் சேர ஒரு பை ஒட்டியிருக்கிறார்கள்.

கண்விழித்த பிறகு அவள் கேட்டது இதுதான்: "படங்கு கட்ட முடியுமாக்கா?" கொழுந்து எடுக்கும்போது தேயிலைக் கிளை கீறாமலிருக்க இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுகிற சாக்குதான் படங்கு. அது சரியாகப் பையின் மேல் விழும்.  இப்போது அவள் பிள்ளைக்காம்பராவில், மலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள்.

எனக்கு மாத்திரையில் அடங்கிவிட்டது. அவளுக்கும் அடங்கியிருக்கும், யாராவது நேரத்தோடு பார்த்திருந்தால். அந்த 'நேரத்தோடு' என்ற சொல்லை எந்த நாட்டின் மேல் வைத்து அழுவதென்று எனக்குத் தெரியவில்லை. அவளுடைய பையில், வயிற்றுத் துவாரத்தின் அளவுக்குச் சரியாக வட்டம் வெட்ட வேண்டும். கொஞ்சம் பெரிதானால் கசிவு பட்டுத் தோல் வெந்துபோகும். தோட்டத்தில் அதற்கேற்ற வளைந்த கத்தரி இல்லை, ஜெயாவுக்கு இன்னும் அது கைவரவும் இல்லை. அவள் அளவை ஒரு அட்டையில் வரைந்து அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், வேலையில்லாதபோது, சமையலறை மேசையில் அவளுக்கு அனுப்பப்போகும் பைகளைப் பரப்பி, அந்த அட்டையை வைத்து வெட்டுகிறேன். வெட்டிய வட்டங்கள் மேசையெங்கும் உதிர்ந்து கிடக்கின்றன. ஜன்னலுக்கு வெளியே இந்த ஊர் மழை பெய்கிறது. என் கை தங்கச்சியின் வயிற்றைச் சுற்றி மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது.