கம்பியில் தொங்கிய கல்யாணம்

மதுரை கோச்சடையில் ஒரு செய்தி காலை ஏழு மணிக்குக் கிளம்பினால், ஏழரைக்குள் நாலு தெருவும் சுற்றிவிட்டு, கொஞ்சம் சதை போட்டுக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிடும். போன மாசி மாதம் அப்படிக் கிளம்பிய செய்தி இது: ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஹரிராம், வயது அறுபத்திரண்டு, ரகசியமாக ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டார்.

செய்தியின் தலைமை நிலையம் மொக்கைச்சாமியின் இஸ்திரி வண்டி.

"கண்ணால பாத்தேண்ணே. பட்டு வேட்டி சட்டையைக் குடுத்து, மடிப்பு கத்தி மாதிரி நிக்கணும்னாரு. அறுவது தாண்டுன ஆளுக்கு எதுக்குண்ணே அம்புட்டு மடிப்பு? நேத்து மத்தியானம் ஆட்டோவுல வந்து எறங்குறாரு. கழுத்துல மாலை. கூட ஒரு பொம்பளை. அதுக்கும் மாலை. மூஞ்சில மாஸ்க்கு."

"அவர் சம்சாரமா இருக்கும்" என்றேன்.

"சொந்தச் சம்சாரத்துக்கு எவனாச்சும் மாலை போட்டு ஆட்டோவுல கூட்டிட்டு வருவானா?"

வாதத்தில் வலு இருந்தது. சாயங்காலத்துக்குள் அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயரும் சொந்த ஊரும் கிடைத்துவிடும் என்று தோன்றியதால் நேராக ஹரிராம் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவர் அவர் மனைவி சூடாமணி. முகத்தில் மாஸ்க். கடைவாய்ப் பல் பிடுங்கி மூன்று நாளாகிறது. மாஸ்க்குக்குள் ஒரு கன்னம் மட்டும் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது.

"புதுப்பொண்ணப் பாக்க வந்தீங்களா? வாங்க, நான்தான்" என்றார்.

ஆக, வதந்தியில் பொய் எதுவும் இல்லை. ஹரிராம் கல்யாணம் செய்துகொண்டது உண்மை. பெண் முப்பத்தேழு வருடமாக அவருடைய மனைவி என்பதை மட்டும் மொக்கைச்சாமி விட்டுவிட்டார்.

ஹரிராம் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், வங்கியில் ஆங்கிலம். மூன்றிலும் அவருக்குப் பிடித்த சொல் ஒன்றுதான்: ஆதாரம். பென்ஷன் வாங்க வந்த பெரியவர் எதிரில் நின்று மூச்சு வாங்கினாலும், சான்றிதழ் வந்த பிறகுதான் அவர் உயிரோடு இருப்பதை ஹரிராம் ஒப்புக்கொள்வார். கெட்ட மனிதர் இல்லை. காகிதத்தில் வராத எதுவும் உலகத்தில் நடக்கவில்லை என்று உண்மையாகவே நம்பியவர்.

அவருடைய ஒரே மகள் ஸ்ரீலட்சுமி கல்யாணமாகிப் போனது கடல் தாண்டி ஒரு நாட்டுக்கு. எந்த நாடு என்று கேட்டால் விசா கைக்கு வரும்வரை சொல்லக்கூடாது, கண்ணு படும் என்பார் சூடாமணி. வந்த பிறகும் பழக்கதோஷத்தில் சொல்லவில்லை. சுற்றுலா விசாவில் போனால் பெட்டியைப் பிரித்து அடுக்குவதற்குள் திரும்பக் கட்ட வேண்டியிருக்கிறது. அந்த நாட்டில் ஓய்வுபெற்றவர்களுக்கு என்று ஒரு விசா உண்டு. பென்ஷன் வருகிறது என்று காட்டினால் ஒரு வருடம் நிம்மதியாக இருக்கலாம். மகளுக்குச் சித்திரையில் பிரசவம். மார்கழியிலேயே ஹரிராம் வேலையைத் தொடங்கிவிட்டார்.

பென்ஷன் உத்தரவு, போலீஸ் சான்று, மருத்துவச் சான்று, வங்கிக் கணக்கு. ஒவ்வொன்றிலும் எட்டு நகல், எட்டிலும் கையெழுத்து, பிரிவுக்கு ஒரு வண்ண அட்டை. விசா ஏஜென்ட் அருண்பாண்டி அந்தக் கோப்பைப் புரட்டிவிட்டு எழுந்து நின்றே விட்டாராம். உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்.

"எல்லாம் இருக்கு சார். மேரேஜ் சர்டிபிகேட் எங்க?"

"முப்பத்தேழு வருஷமா கூடவே இருக்காங்க. பாஸ்போர்ட்ல பேர் இருக்கு. போதாதா?"

"கூட இருக்கறது ஆதாரம் ஆகாது சார். அது இல்லாம அம்மா ஃபைலை வாங்கவே மாட்டாங்க. உங்களது மட்டும் போகும்."

இந்தத் தொனியில் தன்னிடம் யாரும் பேசி ஹரிராம் கேட்டதில்லை, அவர்தான் பேசியிருக்கிறார். பிரசவம் பார்க்கப் போக வேண்டியது அம்மா. விசா கிடைக்கப்போவது அப்பாவுக்கு. அவர் அங்கே போய் என்ன செய்வார்? குழந்தை பிறந்ததற்கு ஆதாரம் கேட்பார்.

பழைய கல்யாணத்தை இப்போதும் பதிவு செய்யலாம்; கல்யாணப் பத்திரிகை இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார்கள் பதிவு அலுவலகத்தில். இங்கேதான் ஹரிராமின் ஒழுங்கு ஹரிராமையே கடித்தது.

வங்கியில் பழைய காகிதங்களை இத்தனை வருடம் வைத்திருந்துவிட்டு, பிறகு பட்டியல் எழுதி அழிக்க வேண்டும். இந்த விதியை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். பத்து வருடம் தாண்டிய காகிதங்கள் ஒவ்வொரு போகியன்றும் நெருப்புக்குப் போகும். போவதற்கு முன் ஒரு நீளக் குறிப்பேட்டில் ஏறும். அழித்தவர் ஹரிராம், சாட்சி சூடாமணி. 1999ஆம் வருடப் பக்கத்தில், பதினான்காம் வரிசையில் அது இருந்தது: "கல்யாணப் பத்திரிகை, ஒன்று. அழிக்கப்பட்டது."

அதற்கும் அசரவில்லை மனிதர். குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்கே போனார். பத்திரிகை இருந்ததற்கு இதுவே ஆதாரம் என்று வாதாடினார். அங்கிருந்த அம்மாள் பொறுமையாகப் படித்தார்.

"சார், இது கல்யாணம் நடந்ததுக்கு ஆதாரம் இல்ல. நீங்க அதைக் கொளுத்துனதுக்கு ஆதாரம். அதுலயும் ரெண்டு பேரும் கையெழுத்து வேற போட்டிருக்கீங்க. இதை வெளிய காட்டாதீங்க."

கல்யாண ஆல்பத்தை எடுத்தால், ஆற்றோர வீட்டு ஈரத்தில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மாப்பிள்ளை முகத்தில் நாதஸ்வரக்காரர் பதிந்திருந்தார். சொந்தக்காரர்கள் வீட்டிலெல்லாம் தேடியாயிற்று. பத்து நாள் சூடாமணி சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு நாள் அவருக்குத்தான் ஞாபகம் வந்தது.

"உங்க பேங்க்ல பேயாண்டின்னு ஒருத்தர் இருந்தாரே. நம்ம கல்யாணத்துல பந்தி பரிமாறினாரே."

வேறு யாராவது அகப்படுவார்களா என்று ஹரிராம் யோசித்துப் பார்த்தார். காரணம் பிறகு தெரிந்தது.

பேயாண்டி அதே கிளையில் அட்டெண்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மதுரைக்கு மேற்கே விவசாயக் குடும்பம். இப்போது விளாங்குடியில் மாடி வீடு. ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனபோது வாசலில் நின்ற அவர் மனைவி சோலையம்மாள் ஹரிராமை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார்.

"ஏங்க, யாரு வந்திருக்காகன்னு பாருங்க. அண்டா சாம்பார் சாரு!"

சூடாமணிக்குப் புரியவில்லை. சோலையம்மாளே விளக்கினார்.

"எங்க வீட்டு விசேஷம்னா கறிச்சோறுக்கா. சாரு கவிச்சி தொடமாட்டாரேன்னு அவருக்குன்னு தனியா ஒரு அண்டாவுல சைவமா ஆக்குவோம். அவரு வரவே மாட்டாரு. அம்புட்டு சாம்பாரையும் மூணு நாளைக்கு நாங்கதான் ஊத்தித் திங்கணும்."

"எந்த விசேஷத்துக்கு?"

பேயாண்டி விரலை மடக்கினார். "புது வீட்டுக்குப் பால் காய்ச்சினது. மூத்தவனுக்குக் காதுகுத்து. சின்னவனுக்குக் காதுகுத்து. மக கல்யாணம். நாலு பத்திரிகையும் சாரு கையில குடுத்தேன்மா. நாலுக்கும் 'வாரேன் பேயாண்டி'ன்னாரு."

சூடாமணி கணவர் பக்கம் திரும்பினார். அந்த நான்கு பத்திரிகையும் போகிக் குறிப்பேட்டில் முறையாக ஏறியிருந்ததை அன்று ராத்திரி கண்டுபிடித்தார். சாட்சிக் கையெழுத்து அவருடையதே.

வந்த விஷயத்தை ஹரிராம் மென்று விழுங்கிச் சொன்னார். பேயாண்டி எழுந்து கதவுக்குப் பின்னால் போனார். அங்கே அடியில் தக்கையும் தலையில் கொக்கியுமாக ஒரு நீளக் கம்பி. வீட்டுக்கு வந்த பத்திரிகைகள் எல்லாம் அதில் குத்தப்பட்டு, மேலே புதுசும் கீழே பழசுமாகத் தொங்கின. யார் நம்மை மதித்துக் கூப்பிட்டார்கள் என்பதற்கு அந்த வீட்டில் அதுதான் கணக்கு. ஒவ்வொன்றாக உருவத் தொடங்கினார்.

"வர்ற வைகாசியில பேத்தி ரோகிணிக்கு அழகர்கோவில்ல காது குத்துறோம்" என்றார், திரும்பாமல். "மூணு வயசு."

ஹரிராம் மனைவியின் காதருகே குனிந்து சௌராஷ்டிரத்தில் கிசுகிசுத்தார்: "வர்றோம்னு சொல்லிவைப்போம். பத்திரிகை முதல்ல கைக்கு வரட்டும்."

கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. அதுவும் சௌராஷ்டிரத்தில், கொஞ்சமும் பிசிறில்லாமல்: "பத்திரிகை வந்துருச்சு சார். 'வாரேன்'னு மட்டும் சொல்லாதீங்க."

சௌராஷ்டிரர்கள் நிறைந்த தெற்குவாசல் பக்கத்துக் கிளையில் முப்பது வருடம் டோக்கன் கொடுத்தவருக்கு அந்த மொழி தெரியாமல் போகும் என்று ஹரிராம் எப்படி நினைத்தார் என்பது வேறு விஷயம். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் சூடாமணியின் பல்வலி அன்றே தொடங்கியிருக்க வேண்டும். ஹரிராம் மட்டும் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் பூசிய ஓரம் பழுப்பேறியிருந்தது. கம்பி போன ஓட்டை சரியாக முகூர்த்த நேரத்தின் மேல் விழுந்திருந்தது. மற்றபடி பெயர், தேதி, மண்டபம் எல்லாம் பத்திரம்.

"ஒன்னு சார். வேலை முடிஞ்சதும் கம்பிக்குத் திரும்ப வரணும்."

பதிவுக்குச் சாட்சியாகவும் பேயாண்டியே வந்தார், கையில் இரண்டு மாலையோடு. மாலை எதற்கு என்று ஹரிராம் கூச்சப்பட்டார்.

"சும்மா போடுங்க சார். உங்க கல்யாணத்துக்கு ரெண்டாவது தடவையா வந்திருக்கேன். வெறுங்கையோட வர முடியுமா?"

பதிவேட்டில் ஹரிராமின் கையெழுத்து கோணலாக விழுந்ததாக சூடாமணி சொல்கிறார். பேனா சரியில்லை என்கிறார் ஹரிராம். அன்று ஆட்டோவில் இறங்கியதைத்தான் மொக்கைச்சாமி பார்த்தது.

சான்றிதழ் சென்னை போய் முத்திரை குத்திக்கொண்டு வந்தது. அருண்பாண்டி இரண்டு கோப்பையும் ஒன்றாக அனுப்பினார். பங்குனி கடைசியில் இரண்டு பாஸ்போர்ட்டும் விசாவோடு திரும்பின. சூடாமணி முதலில் தன்னுடையதைத் திறந்து படத்தையும் பெயரையும் பார்த்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தார். அன்று அவர் நாலு இட்லி சாப்பிட்டதை ஹரிராம் எண்ணியிருக்கிறார். இருவரும் சேர்ந்தே போகும் தகவலை நான் சொன்னபோது மொக்கைச்சாமிக்கு மட்டும் முகம் வாடியது. "அப்ப பழைய சம்சாரந்தானா?" என்று கேட்டுவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார்.

பத்திரிகையை ஹரிராம் சொன்ன சொல் தவறாமல் திருப்பிக் கொடுத்தார். ஆனால் மரியாதை என்று நினைத்து லேமினேட் செய்து கொடுத்தார். கம்பி இறங்கவில்லை. சோலையம்மாள் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறார்.

விமானம் சித்திரை இரண்டாம் வாரம். காதுகுத்து வைகாசியில். கிளம்புவதற்கு முதல் நாள் ஹரிராம் பேயாண்டிக்குப் போன் செய்து, காதுகுத்தை வீடியோவில் பார்ப்பதாகச் சொன்னார். தோடு வாங்கி அனுப்புவதாகவும் சொன்னார்.

"தோடு செஞ்சு பீரோவுல இருக்கு சார். ஆளு வரணும்" என்றார் பேயாண்டி. "ஒத்தப்படை வயசுல குத்தணும், அம்புட்டுத்தான். மூணுல குத்தலேன்னா அஞ்சுல குத்திக்கிறோம். நல்லபடியா போய்ட்டு வாங்க."

பேரன் பிறந்தான். தாயும் சேயும் நலம். ஹரிராம் அங்கே பிறப்புச் சான்றிதழில் எட்டு நகல் எடுத்துவிட்டதாகக் கேள்வி. இங்கே விளாங்குடியில் ரோகிணி குத்தாத இரண்டு காதோடு ஓடித் திரிகிறாள். எப்போது குத்துவீர்கள் என்று யார் கேட்டாலும் சோலையம்மாளிடம் ஒரே பதில்தான்:

"பேங்க் சாரு வரணும். அண்டாவை வெளக்கி வச்சிருக்கேன்."