பத்தாயிரம் அடிக்குக் கீழே

விமானத்தில் ஒரு சட்டம் உண்டு. பத்தாயிரம் அடிக்குக் கீழே இருக்கும்வரை, ஓட்டுகிற இரண்டு பேரும் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசக் கூடாது. வீட்டுச் சண்டை, கிரிக்கெட் ஸ்கோர், மதியம் என்ன குழம்பு, எதுவும் கூடாது. ஏறும்போதும் அப்படித்தான், இறங்கும்போதும் அப்படித்தான். வகுப்பில் பிள்ளைகளின் வாயை அடக்க வாத்தியார்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். இப்படி ஓர் உயரக் கணக்கு ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அந்தத் திங்கட்கிழமை தாட்சாயணிக்கு இந்தச் சட்டம்தான் தொண்டையில் மாட்டிக்கொண்டது. ஹைதராபாத்திலிருந்து திருப்பதிக்கு ஒன்றேகால் மணி நேரம். ஏறுகிற நேரம், இறங்குகிற நேரம் போக, நடுவில் பேச நாற்பது நிமிடம் கிடைக்கும். அதற்குள் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிற கேப்டன் புருஷோத்தமனிடம் அவள் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பன்னிரண்டு மணிக்கு நடக்கிற பைலட்டுகள் கூட்டத்தில் வேறொருவர் வாயால் அவருக்குத் தெரிந்துவிடும். அந்த வேறொருவரும் அதே விமானத்தில், முதல் வரிசையில், மடியில் நீல ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். கம்பெனியின் ஹெச்.ஆர். அதிகாரி ஷோபா.

விஷயம் இதுதான். புது ஒப்பந்தத்தில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது என்று திருப்பதி பைலட்டுகள் பத்தொன்பது பேரும் பேசி வைத்திருந்தார்கள். தாட்சாயணி போட்டுவிட்டாள்.

சத்தியவேட்டிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர் போனால் அவள் ஊர். அவள் நைனா என்று கூப்பிடுகிற அப்பா கோவர்த்தனன் முதலில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தார், அப்புறம் ஒரு ஃபேக்டரி கேட்டில் வாட்ச்மேன் ஆனார். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அவருடைய ஒப்பந்தம் முடியும். பன்னிரண்டாம் மாதம் வேறு ஏஜென்சியின் பெயர் போட்ட வேறு சட்டையில் அதே கேட்டில் நிற்பார். பதினாலு வருஷத்தில் ஒன்பது ஏஜென்சியின் சட்டைகள் வீட்டுக் கொடியில் காய்ந்திருக்கின்றன.

மகள் அரசு உதவியில் பைலட் படிப்பு முடித்து வந்தபோது ஊருக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. அத்தை லட்சுமம்மா அதைக் கேட்டும்விட்டாள். "ஏன்டி, பஸ்ஸுக்கே ஒரு டிரைவர்தான். அதுல ரெண்டு பேரு எதுக்குடி? ஒருத்தரு தூங்கறதுக்கா?" ஆமாம் என்றாள் தாட்சாயணி. தூங்குகிற ஆளே தான்தான் என்றும், அதற்குத் தனியாகப் பரீட்சை வைத்து எடுத்தார்கள் என்றும் முகத்தை மாற்றாமல் சொன்னாள். அத்தை ஒரு வருஷம் நம்பினாள். ஊரில் பாதிப் பேர் இன்னும் நம்புகிறார்கள்.

கோவர்த்தனன் அப்படி எதுவும் கேட்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை, மகள் முகத்தைப் பார்க்காமல், "பர்மனென்ட் எப்பம்மா?" என்று மட்டும் கேட்பார்.

ஒப்பந்தச் சண்டை நடந்தது சித்தூரில், ரகு என்கிற இளம் பைலட்டின் தங்கை கல்யாணத்தில். பந்தி முடிந்து இலை எடுக்காத மேஜையைச் சுற்றிப் பத்தொன்பது பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். சமையல்காரர்கள் இன்னும் பாயசம் வேண்டுமாக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். புது ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. தரையிறங்க வரும்போது ஏதாவது சரியில்லை என்றால், மறுபடி மேலே ஏறிச் சுற்றி வந்து இறங்குவது பைலட்டுகளின் வழக்கம். கோ அரவுண்ட் என்பார்கள். இனி அப்படிச் சுற்றுகிற ஒவ்வொரு முறையும் எழுதி விளக்கம் தர வேண்டும், அது வருஷ மார்க்கிலும் கழியும்.

ரகு அன்றைக்குக் கல்யாண வீட்டுக்காரன் என்பதையே மறந்து சண்டை போட்டான். சீனியர்களுக்கு வேறு கம்பெனி கதவைத் திறக்கும், எட்டு மாதம் பறந்தவனை யார் சேர்ப்பார்கள், டீம் டீம் என்று பேசுவது வீடு கட்டி முடித்தவர்களுக்குச் சுலபம் என்றான். கடைசியில் புருஷோத்தமன்தான் பேசினார். நகரிக்காரர், இருபது வருஷம் பறந்தவர், குரலை உயர்த்திப் பழக்கமில்லாதவர்.

"பக்கத்துல குந்திகினு கீறவன் 'வேணாம், மேல போ'ன்னு சொல்றப்ப அவனுக்கு மார்க்கு ஞாபகம் வரக் கூடாதுப்பா. எனக்கு அவ்ளோதான் வேணும்."

அதற்குப் பிறகு ஒவ்வொருத்தராகச் சரி என்றார்கள். முதலில் சரி என்றவள் தாட்சாயணி.

அது முடிந்து பத்தாம் நாள், ஒரு ஞாயிறு. டியூட்டி முடிந்ததும் வழக்கம்போல் புருஷோத்தமன் அவளைத் தன் காரில் ஏற்றிவந்து புத்தூரில் இறக்கிவிட்டு, நேரே நகரிக்குப் போனார். கார் மறைவதற்குள் ஷோபாவிடமிருந்து போன். அவளுடைய ஒரு வருஷத் தகுதிகாண் காலம் முடிகிறதாம். பர்மனென்ட் கடிதமும் புது ஒப்பந்தமும் ஒரே மெயிலில் வந்திருக்கிறதாம், ஒன்று வேண்டுமென்றால் இன்னொன்றும் வேண்டுமாம். ஷோபா மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் தாட்சாயணி மாட்டேன் என்றிருப்பாள். அன்பாகத்தான் பேசினார். தாட்சாயணியின் ஒரு கையில் கடித்த போண்டா, இன்னொரு கையில் போன். கையெழுத்து என்பது போனுக்கு வந்த ஓடிபிதான், ஆறு எண். அடிக்க நாலு செகண்ட்கூட ஆகவில்லை. அதே புத்தூரில் எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். அவள் முறித்ததற்கு அங்கே கட்டு இல்லை.

எட்டு நாள் ஆயிற்று. இன்று காலை ஹைதராபாத் போகும்போதே சொல்வதாக இருந்தாள். திரும்பும்போது சொல்லலாம் என்று விட்டாள்.

திரும்பும்போது பத்தாயிரம் அடி தாண்டியதும் புருஷோத்தமன் டீக் கோப்பையை எடுத்துக்கொண்டு, "இன்னாம்மா, காலையிலருந்து ஊமையாட்டம் வர்ற?" என்றார். அவள் தூக்கமில்லை என்றாள். மேகத்தைப் பற்றிப் பேசினாள். லட்சுமம்மா கதையை மூன்றாவது தடவையாகச் சொன்னாள், அவரும் மூன்றாவது தடவையாகச் சிரித்தார். நாற்பது நிமிடத்தில் முப்பத்தைந்து இப்படியே போயிற்று. கடப்பா மலைகள் பின்னால் போய், இறங்க ஆரம்பித்தார்கள். பதினாலாயிரம். பதிமூணாயிரம்.

"சார், நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவர் கோப்பையை அதன் வளையத்தில் வைத்தார்.

"எப்ப?"

"போன ஞாயித்துக்கெழம. புத்தூர்ல."

"நான் எறக்கி வுட்ட அப்பறமா?"

"ஆமா சார்."

பதினோராயிரம். அவர் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கழுத்து மட்டும் சிவந்தது. நீ மட்டுமா என்று கேட்டார், தனக்குத் தெரிந்து தான் மட்டும்தான் என்றாள். அப்புறம் அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"உன்ன நம்பி அத்தினி பேரு முன்னால நான்…"

உயரம் காட்டும் எண் பத்தாயிரத்தைத் தொட்டது. அதைச் சொல்வது அவள் வேலை. அவர் வாயை அவளேதான் மூட வேண்டும்.

"டென் தவுசண்ட்," என்றாள்.

"செக்," என்றார் அவர். மீதி வாக்கியம் அப்படியே உள்ளே போயிற்று.

அதற்குப் பிறகு அந்தச் சின்ன அறையில் கணக்கு மட்டும்தான் பேசப்பட்டது. விமான நிலையம் இருக்கிற ரேணிகுண்டா பக்கம் கடலிலிருந்து வந்த மழைமேகம் நின்றது. காற்று பின்னாலிருந்து தள்ளியது. புருஷோத்தமன் ஓட்டினார். கைகள் வழக்கம்போலத்தான் அசைந்தன, ஆனால் எல்லாம் அரை நொடி தாமதமாக. இன்னும் அந்த வாக்கியத்துக்குள்ளேதான் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆயிரத்து இருநூறு அடியில் வேகம் கூடியிருந்தது.

"ஸ்பீட்."

"கரெக்டிங்."

குறையவில்லை. எண்ணூறு அடியில் மறுபடி சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஓடுபாதை மழைக்குள் வெள்ளைக்கோடாகத் தெரிந்தது. ஐந்நூறு அடிக்குள் எல்லாம் ஒழுங்காக இல்லை என்றால் கேள்வியே இல்லை, மேலே போக வேண்டும். அதைச் சொல்கிற உரிமை இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

ஐந்நூறு.

அவள் வாய் திறக்கவில்லை. பின்னால் முதல் வரிசையில் நீல ஃபைல். ஒரு செகண்ட். துரோகத்தையும் செய்துவிட்டு இப்போது எனக்கு ஓட்டவும் சொல்லித்தருகிறாயா என்று கேட்கப்போகிற அவர் முகம். இரண்டு செகண்ட்.

"அன்ஸ்டேபிள். கோ அரவுண்ட்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சொல் முடிவதற்குள் அவர் கை முன்னால் போய்விட்டது. இன்ஜின் இரண்டும் உறுமின, மூக்கு மேலே ஏறியது, அவள் சக்கரங்களை உள்ளே இழுத்தாள். பின்னால் யாரோ கோவிந்தா என்று கூப்பிட்டார்கள். எல்லாச் சொற்களும் அதனதன் இடத்தில் வந்தன, எல்லாக் கைகளும் அதனதன் வேலையைச் செய்தன. சண்டை போட்டவர்கள் வேறு இரண்டு பேர் போல இருந்தது.

நாலாயிரம் அடியில் நிலைக்கு வந்ததும் புருஷோத்தமன் ஒரு மூச்சு விட்டார்.

"எனக்கு மனசு இதுல இல்ல. நீ எறக்கு," என்றார். பிறகு புத்தகத்தில் உள்ளபடி, "யூ ஹேவ் கன்ட்ரோல்."

"ஐ ஹேவ் கன்ட்ரோல்," என்றாள்.

அவள் சுற்றிவந்து இறக்கினாள். மழையில் நனைந்த ஓடுபாதையில் சக்கரம் பட்டதே தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக் கூட்டம், விமான நிலையத்தின் பின்னாலிருந்த ஓர் அறையில். டியூட்டி இல்லாத பதின்மூன்று பேர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஷோபாவின் முகம் இன்னும் வெளிறித்தான் இருந்தது. முதல் கேள்வியே அந்தச் சுற்றைப் பற்றியது, யாருடைய முடிவு என்று கேட்டார். தப்பு தன்னுடையது, வேகமாக வந்துவிட்டேன், சரியாகச் சொன்னது தாட்சாயணி என்றார் புருஷோத்தமன். கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஷோபா ஃபைலைப் பிரிப்பதற்குள் தாட்சாயணி எழுந்தாள்.

"மேடம், நீங்க படிக்கப் போற பேரு என்னுதுதான். நான் கையெழுத்துப் போட்டவ."

ரகு நாற்காலியோடு திரும்பினான். யாரோ த்சு என்றார்கள்.

"ஐந்நூறு அடியில சொல்ல வேண்டியத ரெண்டு செகண்ட் லேட்டா சொன்னேன். மார்க்கு ஞாபகம் வந்துச்சு. அன்னிக்கு சார் சொன்னாரே, அதேதான். நீங்க முதல் வரிசையில இருந்தீங்க மேடம்."

அந்த இரண்டு செகண்டில் ஒன்று கேப்டனுக்குப் பயந்தது. அதை அவள் சொல்லவில்லை. கையெழுத்தை வாபஸ் வாங்கிக்கொள்வதாக மட்டும் சொல்லி உட்கார்ந்தாள்.

ஷோபா ஃபைலைப் பிரிக்காமலே மேஜையில் வைத்தார். வாபஸ் முடியுமா என்பதை ஹைதராபாத்தில் கேட்க வேண்டும் என்றார். அந்த வரியையும் திரும்பப் பார்க்கச் சொல்வதாகச் சொன்னார். அதுவரை பர்மனென்ட் கடிதமும் நிற்கும் என்றார். யாரும் கை தட்டவில்லை. வெளியே போகும்போது ரகு அவளைப் பார்க்காமலே தாண்டிப் போனான். கதவருகே நின்று, திரும்பி வந்து, ஒரு தண்ணீர் பாட்டிலை அவள் முன்னால் வைத்துவிட்டுப் போனான்.

அவள் வெளியே வந்தபோது புருஷோத்தமனின் கார் கிளம்பியிருந்தது. நைனாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே, மழையில் பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி பஸ்ஸுக்கு நடந்தாள். கேட்டுக்கு வெளியே ஓரமாக அந்தக் கார் நின்றிருந்தது, வைப்பர் ஆடிக்கொண்டு, இடப்பக்கக் கதவு அரையாகத் திறந்துகொண்டு.

ஏறினாள். அவர் வண்டியை எடுத்தார். வடமாலப்பேட்டை போயிற்று, டோல்கேட் போயிற்று, ஒரு பேச்சும் இல்லை. புத்தூர் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தினார். போண்டா வாசனை வந்தது. அவள் இறங்கவில்லை.

"சார், அப்போ பாதியில விட்டீங்களே. உன்ன நம்பி அத்தினி பேரு முன்னால… அப்பறம் என்ன சார்?"

புருஷோத்தமன் ஸ்டியரிங்கில் இரண்டு தட்டுத் தட்டினார். கோபம் முழுதாகப் போயிருக்கவில்லை. அது முகத்தில் தெரிந்தது.

"பத்தாயிரம் அடிக்குக் கீழ கீறோம்மா," என்றார். "பேசக் கூடாது. எறங்கு, பஸ்ஸு வந்துடுச்சு."