ஏழு வருடம் உயிரோடிருந்த மாநிலம்

நான் பிறந்த மாநிலம் எனக்குப் பால்பல் விழுவதற்குள் செத்துப்போனது. திருவிதாங்கூர்-கொச்சி என்று அதற்குப் பெயர். நான் குடியேறிய, பிரெஞ்சு பேசும் மொன்ட்ரியாலில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்ட ஒருத்தரையும் நான் சந்தித்ததில்லை. அந்த எரிச்சலில்தான், பிரெஞ்சு வகுப்பின் கடைசித் தேர்வில் அதைப் பற்றியே பேசுவது என்று முடிவுகட்டினேன்.

பிறந்த ஊரைப் பற்றிப் பேசிவிட்டுக் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும், அதுதான் தேர்வு. எனக்கு அது வாழ்வா சாவா என்ற விஷயம். மொன்ட்ரியால்-நோர் என்ற பகுதியில் ஒரு கார்டெரியில், அதாவது சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், சமையற்காரி வராத நாட்களில் மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள். அவள் வேலையை விட்டுப் போகிறாள், தேர்வில் தேறினால் இடம் உனக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். ஐம்பது தாண்டியவளுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

பக்கத்து நாற்காலியில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி, என்னைவிட இளையவள். உங்கள் ஊர்ப் பக்கத்துக் கன்னியாகுமரிச் சூரிய உதயத்தைச் சொல்லி நாலு படம் காட்டினால் போதும் என்றாள். "ஏனக்கா உங்களுக்கு இந்த அரசியல்? பிழையாப் போச்செண்டால் வேலையெல்லே போயிடும்" என்றாள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. சூரியன் எல்லா ஊரிலும்தான் உதிக்கிறது என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

ஆனால் நாகர்கோவில் பள்ளிக்கூடப் புத்தி எங்கே போகும்? எழுதியதை மகனிடம் கொடுத்துத் திருத்தி, முழுவதையும் நெட்டுருப் போட்டேன். சோறு வடிக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

தேர்வன்று 'போன்ஜூர்', அதாவது வணக்கம், என்று தொடங்கி ஒரே மூச்சில் ஓடினேன். இரண்டு ராஜாக்களின் நாடுகளை ஒன்றாகச் சேர்த்தார்கள், திருவிதாங்கூர் ராஜா ராஜப்பிரமுகர் என்ற பட்டத்தோடு மாநிலத் தலைவரானார் என்று சொல்லும்போது ஆசிரியை கையைத் தூக்கினார். அப்படியானால் கொச்சி ராஜாவுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டார். போச்சு! நெட்டுருப் போட்டவளுக்கு நடுவிலிருந்து தொடங்க வருமா? மறுபடியும் 'போன்ஜூர்' என்றேன். அதே இடத்தில் அதே கேள்வி. மறுபடியும் 'போன்ஜூர்'. வகுப்பே குலுங்கிச் சிரித்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டது. ஒப்பிக்க வேண்டாம், எனக்குக் கதையாகச் சொல்லுங்கள் என்றார் ஆசிரியை.

கோபம் வந்தால் எனக்கு எந்த மொழியும் வரும். கொச்சி ராஜா பதவியே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார் என்றேன். தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு, உயர்நீதிமன்றம் கொச்சிப் பக்கத்துக்கு என்று பங்குபோட்டு இரண்டு பக்கத்தையும் சமாதானம் செய்தார்கள். மந்திரிசபைகள் வந்த வேகத்தில் கவிழ்ந்தன. தெற்கு மூலையில் தமிழர்கள் நாங்கள் இருந்தோம். எங்கள் உறுப்பினர்கள் கையை விலக்கினால் ஆட்சி ஆடும். தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்தது, சுட்டது. அதில் என் அப்பாவுக்கும் மண்டை உடைந்தது. ஐம்பத்தாறு நவம்பரில் எங்கள் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன, மீதி கேரளமானது. வினைச்சொல் ஒவ்வொன்றும் தப்பு. யாருக்கு அக்கறை?

ஆசிரியை நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். அவர் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள புரோசார்ட் என்ற ஊர்க்காரர். அவர் ஊரைப் பக்கத்து நகரத்தோடு அரசாங்கம் இணைத்துவிட்டிருந்தது; பிரிந்து போகலாமா என்று அந்தக் கோடையில்தான் வாக்கெடுப்பு. இணைப்பு என்ற சொல்லைக் கேட்டாலே அவர் முகம் சிவக்கும் காலம். என் கதை அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது, ஆனாலும் விடாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"உங்கள் அப்பா தன் மொழிக்காக மண்டை உடைந்தவர். நீங்கள் ஏன் இங்கே வந்து எங்கள் மொழியைப் படிக்கிறீர்கள்?"

இதற்கு நான் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. அப்பாவின் நெற்றித் தழும்புதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. அன்று நான் பிரெஞ்சில் சொன்னதை என் பேச்சில் சொன்னால் இப்படித்தான் இருக்கும்:

"எங்க அப்பா மலையாளம் நல்லாப் பேசுவார். பேசமாட்டேன்னு அவர் சொன்னதே இல்ல. உன் தமிழ விட்டுட்டுப் பேசுன்னாங்க, அதுக்குத்தான் தெருவுல இறங்கினார். நீங்க என்கிட்ட அப்படிக் கேக்கல, அதனால படிக்கிறேன். கேட்டுப் பாருங்க, நானும் அவர் மகதான்."

ஆசிரியை எழுந்து நின்று கைதட்டினார். பிறகு வகுப்பு முழுக்க. தேறிவிட்டீர்கள் என்று அங்கேயே, எல்லார் முன்னாலும் சொன்னார். இவ்வளவு பிரெஞ்சை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளை என் கையைப் பிடித்துக் கேட்டது. சத்தியமாக எனக்கே தெரியாது.

அப்பா மண்டை உடைந்து ஜெயித்தார். மகள் நான் வாயாலேயே ஜெயித்துவிட்டேன். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டே வந்தேன்.