ஒருசந்தியும் ஒரு மாத்திரையும்

செருப்பைக் கழற்றிய பிறகும் வாரின் தடம் என் கணவரின் காலில் அப்படியே இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். அப்போதும் மறையவில்லை. "செருப்பு இறுக்குது" என்றார். அது மூன்று வருடப் பழைய செருப்பு. அதுவரை இறுக்கவில்லையாம்.

அருளப்பன் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நெடுநாளாகச் சர்க்கரை. நான் ஸ்டெல்லா, மைசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்தவள். "காது இங்கே, கவனம் எங்கே" என்று காலமெல்லாம் பிள்ளைகளிடம் கத்தியவள். அதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

காலில் வீக்கம் என்று ரத்தப் பரிசோதனை செய்தோம். கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடியிருந்தது. சிறுநீரக டாக்டரம்மா கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார். போனது போனதுதான், திரும்பி வராது. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

இவருடைய அண்ணன் டயாலிசிஸில் (இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) இரண்டு வருடம் கிடந்து போனவர். கூடவே இருந்து பார்த்துக்கொண்டது இவர்தான். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, "என்ன வேணா பண்ணு ஸ்டெல்லா, அந்த மெஷின்ல மட்டும் என்னை மாட்டிடாதே" என்றார். சரி என்றேன். என் கையில் இருக்கிற விஷயம் மாதிரி சரி என்றேன்.

சில வாரம் கழித்து, அக்ரஹாரத்துப் பக்கம் ஒரு மண்டபத்தில் நாள்பட்ட நோய்களுக்கான புதிய சிகிச்சைகள் பற்றி மூன்று நிபுணர்கள் மேடையில் உரையாடுவதாக டாக்டரம்மா சொன்னார். நோயாளிகளும் வரலாம். நான் நாற்பது பக்க நோட்டு ஒன்றோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். இவரும் வந்தார். கோயிலில் பிரசங்கத்துக்குக்கூட இவர் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சர்க்கரைக்கென்று வந்த ஒரு வகை மாத்திரை சிறுநீரகத்தையும் காக்கிறது என்றார்கள். அது சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியே தள்ளிவிடும். வடிகட்டியின் மேல் இருக்கும் அழுத்தமும் குறையும். டயாலிசிஸைப் பல வருடம் தள்ளிப்போட முடியும் என்று மேடையில் இருந்த பெரியவர் சொன்னபோது, இவர் என் முழங்கையை இடித்தார். "எழுதிக்கோ, எழுதிக்கோ."

எழுதினேன். அடுத்து அவர் சொன்னதையும் எழுதினேன். சாப்பிடாத நாட்களில், வாந்தி பேதி வந்த நாட்களில் இந்த மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். ஏகாதசி, ரம்ஜான் நோன்பு என்று எதுவானாலும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த வரியை அடிக்கோடுகூடப் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஏகாதசி விரதக்காரராக இருப்பார் போல, என் நோட்டை எட்டிப் பார்த்தார். அவர் பார்க்க வசதியாகக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தேன்.

மாத்திரை தொடங்கினோம். பத்து மாதம் கிரியாட்டினின் நகரவில்லை. டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். இவர் பழையபடி காய்கறிக்காரரிடம் பேரம் பேச ஆரம்பித்தார். வீட்டில் குழாய் ஒழுகினால் என்னைத் தொட விடாமல் தானே ரிப்பேர் பார்த்தார். எனக்கு அந்தப் பத்து மாதமும் தினமும் சந்தோஷமாக இருந்தது.

பிறகு தவக்காலம் வந்தது. எங்கள் வீட்டில் தவக்காலம் என்றால் ஒருசந்தி. மத்தியானம் ஒரு முழுச் சாப்பாடு, மற்ற வேளைகளில் ஒன்றும் கிடையாது. உடம்பு முடியாதவர்களுக்குக் கடமை இல்லை என்று சாமியாரே சொல்லுவார். இவர் கேட்டால்தானே. "கிட்னி கெடாம நிக்குதுல்ல, நன்றி சொல்ல வேணாமா? நாப்பது நாளும் இருக்கேன்னு வேண்டிக்கிட்டேன்."

நானும் தடுக்கவில்லை. அதுதான் ஒரு வேளை வயிறு நிறையச் சாப்பிடுகிறாரே. விரதம் என்று டாக்டர்கள் சொல்வது பட்டினி கிடக்கிறவர்களை என்றே நினைத்தேன். ஒருசந்தி எங்கள் வீட்டில் குளிப்பது, துவைப்பது மாதிரி ஒரு பழக்கம். அதை டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. தினமும் காலையில் வரக்காப்பியோடு மாத்திரையை எடுத்துக் கொடுத்தது இந்தக் கைதான்.

பெரிய வெள்ளியன்று வெயிலில் சிலுவைப் பாதை நடந்தார். மூன்று மணி ஆராதனை முடியும்வரை தண்ணீரும் குடிக்கவில்லை. பிறகு அன்றைய வழக்கப்படி வேப்பிலைக் கசப்பு ஒரு வாய், கோயில் கஞ்சி இரண்டு கரண்டி. சனிக்கிழமை காலை வாந்தி. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தோம். அளவு சரியாகவே இருந்தது. பெங்களூரிலிருந்து பண்டிகைக்கு வந்திருந்த மகள் ரீனாவும் பார்த்தாள். "ஷுகர் நார்மல் இதேயல்லா, ஏம்மா சும்னே பயப்படறே?" என்றாள் பாதி கன்னடத்தில், சர்க்கரை சரியாகத்தானே இருக்கிறது, சும்மா ஏன் பயம் என்று. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் நிம்மதியானேன். ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுத்துப் படுக்க வைத்தேன்.

ஈஸ்டர் காலையில் மாடிப்படி ஏறி வந்தவர் போல மூச்சு வாங்கினார். படுக்கையைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

மருத்துவமனையில் அதற்குக் கீட்டோ அமிலத்தன்மை என்று பெயர் சொன்னார்கள் (போதிய உணவு இல்லாமல் உடல் கொழுப்பை எரிக்க, ரத்தத்தில் அமிலம் ஏறுவது). இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை அளவு சரியாக இருக்கும்போதே அது வரலாம். அதனால்தான் சர்க்கரை பார்க்கும் கருவி எங்களைத் தேற்றிவிட்டது. உடம்பில் நீர் வற்றி, மிச்சமிருந்த சிறுநீரகமும் நின்றுபோயிருந்தது.

டாக்டரம்மா வராந்தாவுக்கு வந்தார். "சாப்பிடாத நாள்ல நிறுத்தணும்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க. நான் எழுதியே வச்சிருக்கேன்."

அவர் என் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

உயிர் பிழைத்தார். சிறுநீரகம் திரும்பவில்லை. அவசரத்துக்கென்று கழுத்தில் குழாய் போட்டு, எந்த இயந்திரம் வேண்டாம் என்றாரோ அதில்தான் மாட்டினோம். கண் விழித்ததும் இயந்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரின்னு சொன்னியே" என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. "நீ சாப்பிட்டியா?" என்றார். வாசலுக்கு ஓடிப்போய் அழுதேன்.

வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம். இப்போது இடது கையில் ஃபிஸ்டுலா இருக்கிறது (டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக் குழாய்கள் இரண்டை இணைத்த இடம்). தொட்டால் உள்ளே ரத்தம் ஓடுவது விரலில் அதிரும். ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் தண்ணீர் என்று கணக்கு. கோடையில் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். பார்க்க முடியாமல் நான் உள்ளே போய்விடுவேன்.

மாத்திரையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எனக்கும் சர்க்கரை உண்டு. போன மழைக்காலத்தில் டாக்டரம்மா எனக்கும் அதையே எழுதிக் கொடுத்தார். ஒரு வாரம் அட்டையைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். இவர்தான் பிரித்து உள்ளங்கையில் வைத்தார். "பத்து மாசம் என்னை நிறுத்தி வச்சது இதுதான். முழுங்கு."

இந்த வருடம், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன்னால் அதே மண்டபத்தில் மறுபடியும் நிபுணர் உரையாடல். புதிய ஊசிகள், புதிய மாத்திரைகள். இவருக்கு இனி உதவாதவை. இருந்தாலும் போனேன். விரதத்தைப் பற்றிய பேச்சு வந்தது. ஏகாதசி, ரம்ஜான் என்றார் அதே பெரியவர். நான் எழுந்தேன்.

"ஒருசந்தியையும் சேர்த்துச் சொல்லுங்க சார்" என்று கன்னடத்தில் சொன்னேன். அது என்ன என்று கேட்டார். விளக்கினேன். எங்கள் வீட்டில் நடந்ததையும் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். பின்வரிசையில் கட்டட வேலைக்கு வந்த ஒரு பெண் எழுந்து என்னையே பார்த்துத் தமிழில் கேட்டாள். "அக்கா, நான் சனிக்கிழமை ஒருபொழுது இருக்கேன். அதுவும் சேர்த்தியா?"

"சேர்த்திதாம்மா. டாக்டர்கிட்ட சொல்லிட்டு இரு" என்றேன்.

அதற்குப் பிறகு பெரிய வெள்ளி வந்தது. அன்றும் டயாலிசிஸ். பதினொரு மணிக்கு ஊசி ஏற்றுவதற்கு முன்னால் டப்பாவைத் திறந்தேன். இரண்டு இட்லி. சின்ன வயதிலிருந்து அந்த நாளில் மூன்று மணிக்கு முன் பல்லில் பச்சைத் தண்ணீர் படாதவர், கொஞ்ச நேரம் இட்லியையே பார்த்தார். பிறகு சிலுவை போட்டுவிட்டுச் சாப்பிட்டார். எனக்கும் ஒரு விள்ளல் நீட்டினார். சாப்பிட்டேன்.

மூன்று மணிக்கு ஊசிகளை எடுத்தார்கள். இயேசு உயிர்விட்ட அந்த நேரத்தில் கோயிலில் எல்லோரும் முழங்காலில் இருப்பார்கள். நான் கையுறை போட்டு, பஞ்சை வைத்து, இவர் கையை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரத்தம் நிற்கப் பத்து நிமிடமாகும். விரலடியில் அதிர்ந்துகொண்டே இருந்தது.

இவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணி ஸ்டெல்லா" என்றார். "கையை எடுத்துடாதே."