குடைக்காரிக்கு வைத்த பொட்டு

கனடாவில் ஒஷாவா நகரத்தில் இருந்த மாமாவுக்கு அந்தக் காலத்தில் இரண்டு கலியாணப் பேச்சுகள் கடைசி நேரத்தில் முறிந்தன. இரண்டுக்கும் ஜப்பான்காரர்தான் காரணம் என்று அம்மா அடித்துச் சொல்வார். முதல் பேச்சின்போது பொம்பிளை வீட்டார் மாப்பிள்ளை இருக்கும் இடத்தைப் பார்க்க வந்திருக்கிறார்கள். படுக்கையறையில் ஒரு கட்டில். மற்றப்படி நிலத்திலிருந்து முகடு வரைக்கும் பழைய ஜப்பானிய வீடியோ கேம்கள். பொம்பிளையின் தாய் எட்டிப் பார்த்துவிட்டு, "இது எந்தப் பிள்ளையின்ரை அறை?" என்று கேட்டிருக்கிறார். மாமா முகமெல்லாம் மலர்ந்து, "என்ரைதான் அன்ரி" என்றாராம். வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமலே எழும்பிப் போய்விட்டார்கள். இரண்டாவது பேச்சு முறிந்த கதையை அம்மா தொடங்கினால் அப்பா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிடுவார். அதனால் அது எனக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. தாய் இல்லாத வீட்டில் அம்மாதான் அவரைத் தூக்கி வளர்த்தது, பிறகு கனடாவுக்குக் கூப்பிட்டதும் அம்மாதான். ஆகவே அவரைத் திட்டுகிற உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்பது அம்மாவின் கட்சி. அப்பா ஒரு சொல் சொன்னாலும் அம்மாவுக்குப் பொறுக்காது. ஆனால் மாமா எங்கள் மல்வேர்ன் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்ற முதலே அம்மா தொடங்கிவிடுவார். "உந்தக் குப்பையளை எப்ப எறியப் போறாய்? முப்பத்தைஞ்சு வயசாச்சு, இன்னும் விளையாட்டுப் பிள்ளை." மாமா சிரிப்பார். போட்டதைச் சாப்பிடுவார். ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. எதற்கும் அசையாத மனிதர் என்று நான் நினைத்திருந்தேன்.

அவர் சேர்த்தவை எல்லோரும் விளையாடிய கேம்கள் அல்ல. மார்க்கம் நகரத்தில் ஒரு சீனக் கடைத்தொகுதியின் மூலைக் கடையில் தோண்டி எடுத்தவையும் ஜப்பானிலிருந்து தபாலில் வந்தவையும்தான் அதிகம். ஜப்பானுக்கு வெளியே ஒருபோதும் விற்கப்படாதவை, ஜப்பானிலேயே ஆட்கள் மறந்துபோனவை. சில வெறும் சண்டைக் கேம்கள். சில, ஒரு பாத்திரத்தை நடத்திக்கொண்டு ஊர் ஊராகப் போய், கண்டவர்களோடு பேசி, நீண்ட கதையை முடிக்கவேண்டியவை. எங்கள் அண்ணா மூன்று வருடமாகக் கெஞ்சியும் மாமா ஒன்றைக்கூட இரவல் கொடுக்கவில்லை. எனக்குப் பதினொரு வயதாக இருந்த வருடம், நான் ஒரு அட்டைப் படத்தைக் காட்டி, "மாமா, இவள் ஏன் குடையோடை சண்டை பிடிக்கிறாள்?" என்று கேட்டேன். அவ்வளவுதான். அடுத்த கிழமை அதைக் கொண்டுவந்து கையில் தந்தார். ஜப்பான் சீடியை இங்கத்தைய கேம் பெட்டி வாசிக்காது என்பதால் தன் பழைய பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். சீடியின் பளபளக்கும் அடிப்பக்கத்தைக் காட்டி, "இதிலை கை படக்கூடாது பிள்ளை. இஞ்சைதான் எல்லாம் இருக்கு. விஜயதசமிக்கு வரேக்கை பத்திரமாத் தந்தியெண்டால் அடுத்ததுகளும் தருவன்" என்றார். அண்ணாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! அந்த அறை முழுவதும் ஒவ்வொன்றாக என் கைக்கு வரப்போகிறது என்று நான் அன்றே கணக்குப் போட்டுவிட்டேன்.

அது சண்டையும் கதையும் கலந்த கேம். நாயகியின் கையில் ஒரு கடதாசிக் குடை. விரித்தால் அடி படாமல் காக்கும், மடித்தால் அடிக்கும். யாரையோ தேடிக்கொண்டு ஊர் ஊராக நடக்கிறாள். வழி மறிப்பவர்களோடு சண்டை. சண்டை எனக்குப் பிரச்சினை இல்லை, பொத்தான்களுக்கு விரல் பழகிவிடும். பிரச்சினை சண்டை இல்லாத நேரங்களில்தான். கடைக்காரர் பேசுவார், பூசாரி பேசுவார், எல்லாம் ஜப்பானிய எழுத்தில். கேமின் பெயரைக்கூட என்னால் வாசிக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் அதற்குக் குடைக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

முதல் நாளே, எதையோ வாங்குகிறேன் என்று நினைத்து அவளுடைய குடையை விற்றுவிட்டேன். கடைக்காரர் பணிவாகத் தலை குனிந்து அதை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் வெறுங்கையோடு நடந்து, கண்ட கண்ட ஆட்களிடம் எல்லாம் அடி வாங்கினாள். அண்ணா நிலத்தில் உருண்டு சிரித்தான். எனக்கு ரோசம் வந்துவிட்டது. பெரிய தாள் ஒன்றை ரீவிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி, திரும்பத் திரும்ப வரும் எழுத்துகளைப் பார்த்து வரையத் தொடங்கினேன். கூரைக்குக் கீழே ஆள் நிற்பது போன்ற எழுத்து வந்தால் அது தங்குமிடம், படுத்து எழும்பலாம். தலையில் புல் முளைத்த எழுத்து மருந்து. விற்பதற்கு ஒன்று, வாங்குவதற்கு ஒன்று. அந்த இரண்டையும் இனிச் சாகும்வரை மாற்றமாட்டேன்.

அம்மா உடுப்பு மடிக்கிற சாட்டில் எனக்குப் பின்னால் வந்து இருப்பார். ஒருநாள் அந்தத் தாளைக் காட்டி, "உதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது?" என்று கேட்டார்.

"ஒருத்தருமில்லை. பிழைவிட்டுப் பிழைவிட்டுப் பிடிச்சனான்."

அம்மா மடித்த உடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் அவரே பின்னேரங்களில் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். வகுப்பில் பிழைவிட வெட்கப்பட்டு வாயைத் திறக்காமலே இருந்துவிட்டு வருவார்.

சரஸ்வதி பூசை வந்தது. எங்கள் சாமியறை உண்மையில் உடுப்பு வைக்கும் குளொசெற்தான். கற்பூரம் கொளுத்தினால் புகை அலாரம் கத்தும். அதற்குக் கீழே துவாயை வீசிக்கொண்டு நிற்பது அண்ணாவின் திருப்பணி. படிக்கிற பொருட்களையும் தொழில் செய்கிற பொருட்களையும் அன்று சாமிக்கு முன் வைத்துப் பொட்டு வைப்போம். அடுத்த நாள் விஜயதசமிக் காலைவரை அவற்றைத் தொடக்கூடாது. நான் என் கணக்குப் புத்தகத்தை மிகுந்த பக்தியோடு எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தேன். அப்பா தான் ஓட்டும் லொறியைக் கிளப்புகிற திறப்பை வைக்க வந்து, விடிய வேலை இருப்பது ஞாபகம் வந்து, கையுறையை வைத்துச் சமாளித்தார். அம்மா தன் ஆங்கிலப் புத்தகத்தை வைத்தார்.

பூசை முடிந்து, அவல் கடலை எல்லாம் சாப்பிட்டு, குடைக்காரியின் கடைசி ஊருக்குப் போகலாம் என்று ஓடிவந்தால் கேம் பெட்டியின் மூடி திறந்து கிடந்தது. சீடி இல்லை. அது சாமியறையில், புத்தக அடுக்குக்கு மேலே இருந்தது. அந்தப் பெட்டியை எப்படித் திறப்பது என்று அம்மாவுக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அடுத்த நாள் மாமா வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார், அதற்கு முன் முடிக்கவேண்டும். விளையாடவிடாமல் தடுக்க அம்மா சாமியையே துணைக்குக் கூப்பிட்டுவிட்டார் என்று நினைத்து வீடு அதிர அழுதேன். "சாமிக்கு வைச்சதை எடுக்கக்கூடாது" என்று ஒரே வார்த்தையில் அம்மா முடித்துவிட்டார்.

விடிந்ததும் அம்மா பூசை செய்து, ஒவ்வொருவரிடமும் அவரவர் பொருளை எடுத்துத் தந்தார். நான் கணக்கில் நாலு வரி வாசித்தேன். பிறகு அம்மா சீடியை இரண்டு கையாலும் தூக்கித் தந்து, "இதிலையும் கொஞ்சம் படி" என்றார். விளையாடச் சொல்லி ஒரு தாய் கட்டளையிட்ட அதிசயம் எங்கள் வீட்டில் நடந்தது. வாங்கித் திருப்பிப் பார்த்தேன். கை படக்கூடாது என்று மாமா சொன்ன அதே அடிப்பக்கத்தில், பெருவிரல் அளவுக்குத் தடிப்பான சந்தனம். நடுவில் குங்குமம். இரண்டும் காய்ந்து ஒட்டியிருந்தன.

அம்மாவிடம் நியாயம் தயாராக இருந்தது. மேல்பக்கத்தில் குடைக்காரியின் படம் இருந்தது. அவளுடைய உடுப்பு முழங்காலுக்கு வெகுதூரம் மேலே நின்றுவிட்டது. அந்தக் கோலத்தில் அவளைச் சரஸ்வதிக்கு முன் மல்லாக்க வைக்க மனம் வரவில்லையாம். "அதுதான் கவிட்டு வைச்சன். அந்தப் பக்கம் கண்ணாடி மாதிரித் துப்பரவாக் கிடந்தது, அதிலை பொட்டை வைச்சன்."

நகத்தால் சுரண்டினேன். மேல் சந்தனம் உதிர்ந்தது, கூடவே மயிர்போல ஒரு கீறலும் விழுந்தது. மஞ்சளும் சிவப்புமாகக் கறை அப்படியே இருந்தது. பெட்டிக்குள் போட்டேன். தேங்காய் துருவுவது போன்ற சத்தம், பிறகு கறுத்த ரீவி. திரும்பவும் போட்டேன். அதே சத்தம். உலகத்தில் எத்தனை பேரிடம் இருக்கிறதோ தெரியாத ஒன்று, என் கையில் வந்து இப்படி முடிந்துவிட்டது. இனி மாமா எதையும் தரமாட்டார், என்னோடு பேசவும்மாட்டார். யன்னலுக்குப் பக்கத்தில் போய் இருந்து, அவருடைய கார் வரக்கூடாது என்று சரஸ்வதியிடமே கேட்டேன்.

மத்தியானம் கார் வந்தது. மாமாவின் கையில் ஒரு கனத்த பை. அதற்குள் எனக்குத் தருவதாகச் சொன்ன அடுத்த கேம்கள் என்று தெரிந்ததும் எனக்கு இன்னும் அழுகை வந்தது. சீடியை நீட்டினேன். திருப்பிப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

"ஆர் வைச்சது?"

அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு எட்டிப் பார்த்தார். "நான்தான். ஏன்?"

"புத்தகங்களோடையோ?"

"பின்னை என்ன, செருப்போடையோ? பிள்ளை அதிலை தானாக எழுத்துப் படிச்சவள். படிக்கிறதைச் சாமிக்கு வைக்காமல்?"

மாமா மாடிப்படியில் இருந்துவிட்டார். அது இனி வேலை செய்யாது என்று நான் திக்கித் திணறிச் சொன்னேன். பரவாயில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார். ஈரத் துணி எடுத்துவர ஓடினேன். "வேண்டாம் பிள்ளை, இருக்கட்டும்" என்று சொல்லி, பொட்டோடு அப்படியே உறைக்குள் வைத்து மூடினார். பிறகு அந்தக் கனத்த பையை என் பக்கம் தள்ளிவிட்டார். அன்று பொங்கலை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். அம்மா வழமைபோலக் கலியாணப் பேச்சை எடுத்துத் திட்டினார், அவரும் வழமைபோலச் சிரித்தார்.

தன் தலைக்குள் கொஞ்சமும் நுழையாத ஒன்றை, பிள்ளை படிக்கிறாள் என்பதற்காகவே படிப்பென்று ஏற்றுக்கொண்ட அம்மாவையும், பழுதான சீடிக்கு முகம் சுளிக்காத மாமாவையும் எனக்குத் தந்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று இன்றும் தெரியவில்லை. அம்மா அந்தப் பொட்டைத் தம்பியை நினைத்து வைக்கவில்லை. அந்தச் சீடி பிறகு வேலை செய்ததா என்று மாமாவிடம் பல வருடம் கழித்துக் கேட்டபோது, அதைத் தான் பெட்டிக்குள் போட்டுப் பார்க்கவே இல்லை என்றார்.

அன்று புறப்படும்போது, ஒரு காலில் சப்பாத்தும் மறு காலில் காலுறையுமாக வாசலில் நின்று மாமா திரும்பவும் கேட்டார். "அக்கா, பிள்ளை கேட்டோ வைச்சனீங்கள், இல்லாட்டி நீங்களாவே வைச்சனீங்களோ?"

"நானாத்தான்ரா வைச்சனான். எத்தினை தரம் கேப்பாய்?"

நான் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். மாமாவுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை, அம்மாவை மடக்கிப் பிடிக்கப் பார்க்கிறார், மனம் மாறினால் பையையும் பறித்துவிடுவார் என்று பயந்தேன். அவருக்குப் பதில் முதல் தரமே விளங்கிவிட்டது என்பதும், இவற்றையெல்லாம் குப்பை என்று திட்டிவந்த அக்காவின் வாயால் அதை இன்னொரு தரம் கேட்கத்தான் அவர் வாசலில் அப்படி நின்றார் என்பதும் பதினொரு வயதில் எனக்குத் தெரியவில்லை.