நான்காம் கூண்டின் பொத்தான்

உலகத்தில் உள்ள கணினிகள் எல்லாம் காலையில் அக்கா இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கண் திறக்கும். அப்பேர்ப்பட்டவளுக்கு விலங்கு மருத்துவமனையில் புரோகிராம் எழுதக் கிடைத்த இடமோ, மருந்து அலமாரிக்கும் கழிவறைக்கும் நடுவே ஓர் ஆடும் மேசை. அதன் ஒரு காலுக்கு அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருந்தாள்.

கூண்டு ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தது அவள்தான். நர்ஸ் அழுத்தினால், “உங்கள் செல்லம் தேறிவிட்டது, வந்து அழைத்துப் போகலாம்” என்று வளர்ப்பவருக்குச் செய்தி போகும்.

அன்று நான்கு மணிக்குத் தையற்கடைக்காரர் கூடையோடு வந்து நின்றார். கூடைக்குள் புதுத்துணியில் குட்டி மெத்தை. வந்த வேகத்தில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருந்தார்.

அவருடைய சாம்பல் பூனை காலை பத்து மணிக்கே செத்துப்போயிருந்தது. டாக்டரே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

“காலைல சொன்னது வேற பூனையாம்மா?” என்று அக்காவிடம் போனை நீட்டினார். “எனக்குத் தெரியும். அவ்வளவு லேசுல போற ஆள் இல்ல அது.”

அக்கா போனை வாங்கி, ‘தேறிவிட்டது’ என்று வந்திருந்த செய்தியைப் படித்தாள். டாக்டர்தான் அவரை உள்ளே கூட்டிப்போனார். திரும்பி வரும்போது கூடையின் மேல் துண்டு போர்த்தியிருந்தது. ஒரே நாளில் ஒரே பூனையை அவர் இரண்டு தடவை இழந்திருந்தார்.

புரோகிராமில் ஒவ்வொரு பிராணியும் ஓர் ஆப்ஜெக்ட், தனி ஆள் மாதிரி. தன் வீட்டுப் போன் நம்பரைத் தானே வைத்திருக்கும். ‘வீட்டுக்குச் சொல்’ என்பது அதன் மெத்தட், அதாவது அதற்குத் தெரிந்த வேலை. காலையில் நான்காம் கூண்டில் இருந்த அந்தப் பூனையின் மெத்தடை எடுத்து ஒரு வேரியபிளில், பெயர் எழுதிய டப்பா மாதிரி ஒன்றில், போட்டு, அதைப் பொத்தானோடு கட்டியிருந்தாள் அக்கா. அழுத்தும்போது கூண்டில் எது இருக்கிறதோ அதன் வீட்டுக்குப் போகும் என்ற நினைப்பு. ஆனால் மெத்தட் தனியாக வேரியபிளுக்குள் போகவில்லை. பூனையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டே போயிருந்தது. மதியம் அந்தக் கூண்டுக்கு ஒரு நாய் வந்து, தேறியது. நர்ஸ் பொத்தானை அழுத்தினாள். அது பூனை வீட்டைக் கூப்பிட்டது.

அழுத்தும் நேரத்தில் கூண்டைப் பார், அதில் இருக்கிறதைக் கேள். திருத்தம் ஒரே வரிதான். வீட்டில் தங்கையிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தாள். தையற்கடைக்குப் போய்த் தன் வாயால் சொல்லத்தான் மூன்று நாளாகக் கால் வரவில்லை.

நான்காம் நாள் போனாள். தையல் மிஷினிலிருந்து அவர் தலையைத் தூக்கவில்லை.

“உன் தங்கச்சி மறுநாளே வந்து ஒத்துக்கிட்டாளே. விளையாட்டுக்கு உன் கம்ப்யூட்டர்ல அழுத்திட்டாளாம். ரெண்டு மணி நேரம் கொக்கி தைக்க வச்சேன். எல்லாம் கோணல்.”

அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

“இல்லீங்க. அது நான்தான்.” ஒன்றுவிடாமல் சொன்னாள்.

மிஷின் நின்றது.

“என் பூனையை இடுப்புல தூக்கிக்கிட்டே போச்சா?”

“ஆமாங்க.”

“அதுக்கு அப்படிப் போறதுதான் பிடிக்கும்” என்றார். மறுபடி மிஷினை மிதித்தார்.

வீட்டில் தங்கை மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

“விரலைக் காட்டுடி.”

ஊசி குத்திய மூன்று புள்ளிகள்.

“பொத்தானை அழுத்தின நேரத்துல நீ கணக்குப் பரீட்சைல இருந்த.”

“சீக்கிரம் முடிச்சிட்டேன்க்கா.”

“கணக்கை? நீயா?”

தங்கை மறைப்பதற்குள் அக்கா நோட்டைப் பிடுங்கினாள். முதல் வரியில் கணினிகள் எல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தன.

“ஆரம்பமே புளுகு” என்றாள். “மிச்சத்தையாவது ஒழுங்கா எழுது. கொக்கி தச்சதையும் சேர்த்து.”