குளத்தைத் தொடாத வழி

பதுளை பஸ் நிலையத்தில், பசறை பஸ்ஸின் ஜன்னலோர இருக்கையில் அமர்ந்திருந்தபோது வேலாயுதம் அண்ணனின் மகள் செல்வியின் அழைப்பு வந்தது.

"நானா, அப்பா போயிட்டாருங்க" என்றார். பிறகு, நான் கேட்காமலே தொடர்ந்தார். "காலையில குளத்துக்குப் போயிட்டு வந்து தேத்தண்ணி கேட்டாரு. ஊத்திக்கிட்டு வந்து பார்த்தா செவத்துல சாஞ்சபடியே இருக்காரு. தூங்குறாருன்னுதான் நெனச்சேன்."

நான் வேறொரு செய்திக்காக அந்தப் பஸ்ஸில் ஏறியிருந்தேன். அதை விட்டுவிட்டு, அதே பஸ்ஸில் அவர்கள் இருந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன்.

அவருடைய மலைக்கு இன்று அறிமுகம் தேவையில்லை. சனிக்கிழமை காலைகளில் அடிவாரத்தில் வேன்கள் வரிசையாக நிற்கின்றன. தேயிலைக்குள் ஏறி, பைன் மரங்களைக் கடந்து, குளத்துக்கு மேலாக நடந்து உச்சிக்குப் போய்த் திரும்ப நான்கு மணி நேரமாகும். அந்த வழியில் போனவர்களில் அநேகர் வேலாயுதம் அண்ணனைப் பார்த்திருப்பார்கள். தலையில் சாக்கைப் போர்த்துக்கொண்டு, பாதை பிரியும் இடத்தில் நின்றிருப்பார்.

நான் அவரை முதலில் கண்டது ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன். ஞாயிறு இதழுக்கு அந்த மலையைப் பற்றி எழுதப் போயிருந்தேன். அப்போது பாதை குளக்கரையைத் தொட்டுக்கொண்டு போனது. கரையில் ஒருவர் குந்தியிருந்து, தரையில் கிடந்த கறுப்புக் குழாயில் காதை வைத்திருந்தார்.

"யாரோடு பேசுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"மூணாம் லயத்தோட" என்றார் சிரிக்காமல். "அங்க யாரோ பைப்பை மூடாமப் போயிட்டாங்க. இங்க கேக்குது."

குளத்துத் தண்ணீர் அந்தக் குழாய் வழியாகத்தான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு இறங்கியது. குழாய் வாயில் இருந்த வலையில் சிக்கும் இலைகளைத் தினமும் காலையில் அகற்றுவது அவருடைய வேலை. அவர் அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோதே நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கால்களைத் தண்ணீரில் விட்டேன். அவர் சற்று நேரம் என் கால்களையே பார்த்தார்.

"குளிருதா நானா?" என்றார், முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில். பிறகு வலையிலிருந்த இலைகளை எடுக்கத் தொடங்கினார்.

என் கட்டுரை நன்றாக வந்திருந்தது. பலர் பாராட்டினார்கள். அதில் ஒரு வாக்கியம்: "குளத்தில் கால் நனைத்து இளைப்பாறிவிட்டு மேலே ஏறலாம்." அது யாருடைய குடிதண்ணீர் என்று நான் எழுதவில்லை. அந்த இரைச்சலற்ற நீரைப் பார்த்துக்கொண்டிருந்ததில், குழாயை மறந்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு மழை ஓய்ந்த ஒரு நாள், வேலாயுதம் அண்ணன் பதுளையில் என் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு போத்தல் தண்ணீர். சட்டைப் பையில் மடித்த பத்திரிகைத் துண்டு. அந்த வாக்கியத்தின் கீழே கோடு போட்டிருந்தது. போத்தலை மேசையில் வைத்தார்.

"குடிங்க நானா."

தண்ணீர் மங்கலாக இருந்தது. மூடியைத் திறந்ததுமே சவர்க்கார வாசனை வந்தது. நான் குடிக்கவில்லை.

"சனி ஞாயிறுன்னா குளிக்கிறாங்க, உடுப்பு அலசுறாங்க. லயத்துல புள்ளைகளுக்கு வயித்தால போகுது. செல்வியோட மகளைப் பசறை ஆஸ்பத்திரில வச்சிருக்கோம்." அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

குளத்தில் இறங்கக் கூடாது என்று கடுமையாக எழுதுவதாகச் சொன்னேன்.

"வேணாங்க. வராதேன்னு எழுதினா, அங்க என்னமோ இருக்குன்னு வருவாங்க. நான் மேல புதுசா வழி வெட்டியிருக்கேன். தோட்டத்துத் தொரைகிட்ட கேட்டாச்சு. வேலை முடிஞ்ச பொறவு கொஞ்சம் கொஞ்சமா வெட்டினது. அங்கருந்து பார்த்தாத்தான் குளம் அழகு. அத எழுதுங்க."

"நடக்காமல் எழுத மாட்டேன், அண்ணே."

"போன வாட்டியும் நடந்துதானே எழுதினீங்க?" என்றார். பிறகு இருவரும் சிரித்துவிட்டோம்.

நாங்கள் போன காலையில் மலை முழுவதும் மூடுபனி. மானாப்புல்லுக்கிடையில் அவர் முன்னே போனார். சில அடிகளில் சாக்கு மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. அவருடைய இருமல் சத்தத்தைப் பின்தொடர்ந்து நடந்தேன்.

"பத்திரிகைக்காரருக்கு கைதான் ஓடும் போல, காலு ஓடாது" என்ற குரல் மட்டும் மேலிருந்து வந்தது.

ஒரு பாறைத் திட்டில் நிறுத்தினார். கீழே வெண்மையைத் தவிர ஒன்றுமில்லை.

"எங்கே குளம்?"

"இருக்கு. அவசரமா பதுளைக்குப் போகணுமா?"

உட்கார்ந்தோம். எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்ளவில்லை. என் தொழிலில் அது அபூர்வம். பனி ஓரிடத்தில் மெலிந்தது. அந்தத் துளைக்குள், வானம் கீழே இறங்கிக் கிடப்பதுபோல, குளம் தெரிந்தது. ஒரு கொக்கு அதன் குறுக்கே போனது. அதன் நிழலும் போனது. பிறகு மூடிக்கொண்டது.

உச்சியில் ஒன்றுமே தெரியவில்லை. வேலாயுதம் அண்ணன் கையை நீட்டி, வெறும் வெண்மையைக் காட்டினார். "இது பசறை. அந்தா பண்டாரவளை. தெமோதரைப் பக்கம் ரயில் போகுது, கேக்குதா?" எனக்குக் கேட்கவில்லை. "இங்கிட்டு நம்ம லயம். இப்ப செல்வி பைப்பைத் திறந்திருப்பா." அவர் காட்டிய திசைகளையெல்லாம் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். காணாத ஊர்களை அப்படி நம்பிக் குறித்தது அந்த ஒரு முறைதான்.

இரண்டாவது கட்டுரையின் முதல் வரியிலேயே என் தவறை எழுதினேன். அதன் பிறகே பாதையைப் பற்றி எழுதினேன். வேலை அத்துடன் முடியவில்லை. ஓய்வு பெற்ற பின்னும் வார இறுதிகளில் அவர் பாதை பிரியும் இடத்தில் போய் நின்றார். "தம்பி, அங்கிட்டுப் போங்க, போட்டோ நல்லா வரும்" என்பார். யாரையும் அவர் தடுத்து நான் பார்த்ததில்லை. கரைப்பாதையைப் புல் மெதுவாக எடுத்துக்கொண்டது.

நல்லடக்கம் மாலையில் முடிந்தது. வெளிச்சம் மிச்சமிருந்ததால் பாறைத் திட்டுவரை தனியாக ஏறினேன். பனி இருந்தது. காத்திருந்தேன். திறந்தபோது, கரையில் ஒருவரும் இல்லை. தண்ணீரில் ஒரு சலனமும் இல்லை.

இறங்கி லயத்துக்கு வந்தபோது தொண்டை வறண்டிருந்தது. தண்ணீர் கேட்டேன். செல்வி செம்பை எடுத்தவர், தயங்கினார்.

"பைப்புத் தண்ணிதான் நானா. காய்ச்சி ஆறவச்ச தண்ணி முடிஞ்சிருச்சு. கடையில போத்தல் வாங்கியாரச் சொல்லவா?"

"வேண்டாம்" என்றேன்.

செம்பு குளிர்ந்திருந்தது. முழுவதையும் குடித்துவிட்டு, இன்னொரு செம்பு கேட்டேன்.

போய் வாருங்கள், அண்ணே. தண்ணீர் நன்றாக இருக்கிறது.